நோயாளியைக் கேலி செய்ய மாட்டோம் என்று விதி எழுதுங்கள்: ராஸி விருதுக் குழுவினருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ராஸி விருதுக் குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டின் மிக மோசமான படங்களுக்கும் நடிப்புக்கும் கேலியாக விருது கொடுப்பவர்கள் நீங்கள். 2022-ல் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டு வந்த எட்டுப் படங்களில் ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸ் எதில் மிக மோசமாக நடித்தார் என்று ஓட்டுப் போட, அவர் ஒருவருக்காகவே தனிப் பிரிவு வைத்தீர்கள். மார்ச் 26-ல் முடிவை அறிவித்தீர்கள். நான்கே நாளில், பேச்சைக் குலைக்கும் அஃபேசியா நோயால் அவர் நடிப்பிலிருந்து விலகுகிறார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மறுநாள் விருதைத் திரும்பப் பெற்றீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அது போதாது.

அவருடைய ஏற்ற இறக்கம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். 1988-ல் டை ஹார்ட் படம் அவரை உச்சத்தில் வைத்தது. 1991-ல் ஹட்சன் ஹாக் சறுக்கியது. 1998-க்கான மிக மோசமான நடிகர் என்று நீங்கள் பட்டம் கொடுத்தீர்கள். அடுத்த ஆண்டே தி சிக்ஸ்த் சென்ஸ் வந்து பெரும் வெற்றி பெற்றது. அந்தக் கேலியெல்லாம் தொழிலோடு போகட்டும். அப்போது அவரால் பதில் சொல்ல முடிந்தது.

சிறுவயதில் அவருக்குத் திக்குவாய். மேடை ஏறினால் திக்கவில்லை என்பதால்தான் நடிப்பைப் பிடித்துக்கொண்டார். அப்படிச் சம்பாதித்த பேச்சு 67 வயதில் போய்விட்டது.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் இதே அஃபேசியா. தண்ணீர் வேண்டும் என்பது கண்ணில் தெரியும்; வாயில் "சாவி" என்று வரும். சாவியைக் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். நோயின் பெயரைச் சொன்னதும் நிறுத்தினார்கள். நீங்கள் செய்ததும் அதுதானே?

உங்களை மட்டும் சொல்லவில்லை. படப்பிடிப்பில் வில்லிஸின் காதில் கருவி வைத்து வசனம் சொல்லிக்கொடுத்தார்கள், வசனங்களைக் குறைத்தார்கள் என்று அப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. அப்படியிருந்தும் படம் எடுத்தவர்கள் அவர் முகத்தைப் போஸ்டரில் போட்டு விற்றார்களே, அவர்களுக்கு ஏன் ஒரு பிரிவும் இல்லை? அந்த மனிதர் தடுமாறியதுதான் உங்கள் கண்ணில் பட்டதா?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். 2023-ல் 12 வயதுச் சிறுமியைப் பரிந்துரைத்தீர்கள். கண்டனம் வந்ததும் மன்னிப்புக் கேட்டு, 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தீர்கள். அதே போல நோய்க்கும் ஒரு விதி எழுதுங்கள். ஒருவர் நடிப்பில் திடீரென்று பெரிய மாற்றம் தெரிந்தால், காரணம் தெரியும்வரை அவர் பெயரைத் தொடாதீர்கள். ஒரு தனி மனிதரின் பெயரில் இனி எந்தப் பிரிவும் வைக்காதீர்கள்.

2023 பிப்ரவரியில் வில்லிஸுக்கு மூளைத் தேய்வு நோய் என்று உறுதியானது. உங்கள் விதி இனி அவருக்கு உதவாது. அடுத்து வருபவருக்காக, அடுத்த பட்டியலுக்கு முன்பே அதை எழுதி வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவருடைய ரசிகை ஒருத்தி