தண்ணீர்க் கடன்: வன்னிக் கிராமம் ஒன்றின் பொதுக் கிணற்றுக்கு நன்கொடை வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

கொழும்பில் சித்திரை பிறக்கப்போவதைக் குயில் கூவிச் சொல்வதற்கு முன்பே புறக்கோட்டை நெரிசல் சொல்லிவிடும். மாலையில் இடி, இரவெல்லாம் புழுக்கம், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஓயாத மின்விசிறி. எம்மில் பலருக்குத் தெரிந்த இளவேனில் இவ்வளவுதான். இந்த ஆண்டு எமது சபையிலிருந்து 14 பேர் குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள் யாழ்தேவியில் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வீதிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் பத்து நாள் தங்கித் திரும்பினோம். ஒன்பது பேர் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருக்குக் கிணற்றில் வாளி போட்டு அள்ளத் தெரியாது. கயிற்றை விட்டுவிட்டு வாளியைத் தொலைத்தவர்களும் உண்டு, பெயர் சொல்லவில்லை.

ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. தங்கள் வறுமையைச் சுவரொட்டியாக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்.

அங்கே காலபோகம் முடிந்து அரிவு வெட்டிய வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. விடியற்காலையில் இலுப்பை மரத்தடி முழுக்கப் பூ கொட்டிக் கிடக்கும். இரவு வௌவால்கள் தின்று மீதி வைத்தது. வேம்பு பூத்த முற்றங்களில் பாய் விரித்து, வடகத்துக்கென்று பூவைச் சேர்த்தார்கள். குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கமக்காரர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டு மணி நேரக் கூட்டம். யாரும் குரலை உயர்த்தவில்லை. எமது சபைப் பொதுக்கூட்டத்தை நினைத்துக்கொண்டு பின்வரிசையில் வாய் மூடி அமர்ந்திருந்தோம்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பனங்குருத்தில் சிலுவை பின்னக் கற்றுக் கொடுத்தவன் ஒரு சைவப் பையன். கொழும்பில் தென்னங்குருத்தோடு பழகிய விரல்களுக்குப் பனை வசப்படவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கிற அவன் பொறுமையாக இருபது சிலுவை பின்னித் தந்துவிட்டு, இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டான். அவன் கேட்டதால் குருத்தோலை ஞாயிற்றின் கதையைச் சொன்னோம். கழுதை வரும் இடம் அவனுக்கு மிகவும் பிடித்தது.

இதற்கு முந்திய ஆண்டுப் பயணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்போது எட்டுப் பேர் இரவல் ஒலிபெருக்கியோடும் இரண்டு பெட்டி துண்டுப்பிரசுரங்களோடும் இதே ஊருக்குப் போனோம். நண்பகல் வெயிலில் தெருவில் நின்று பாடினோம், பேசினோம். ஒருவரும் எதிர்க்கவில்லை, ஒருவரும் வரவுமில்லை. வேலியோரத்தில் நின்ற ஓர் ஆச்சி எங்களை உள்ளே கூப்பிட்டார். வேதம் சொல்ல வந்தீர்களா, சொல்லுங்கள், முதலில் தண்ணீரைக் குடியுங்கள் பிள்ளைகள் என்றார். எட்டுப் பேரும் குடித்தோம். குடம் வெறுமையானது. அந்தக் குடத்தை அவர் அன்று காலை ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வந்தார் என்பது, அவர் மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோதுதான் எமக்கு விளங்கியது. பிரசுரங்களில் ஒரு பெட்டி பிரிக்கப்படாமலே கொழும்புக்குத் திரும்பி வந்தது.

சீகார் ஊர்க் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் பேசியது போதனை அன்று. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். கேட்கிற இடத்தில் நின்றுதான் பேச்சைத் தொடங்கினார். நாங்களோ கொடுக்கிறவர்களாகவே போய் நின்றோம்.

அந்த ஊருக்கென்று ஒரு பொதுக் கிணறு உண்டு. போர்க்காலத்தில் கட்டு இடிந்தது. மக்கள் மீளக் குடியேறியபின் ஒருமுறை இறைத்துத் துப்புரவாக்கினார்கள். கட்டு மட்டும் எழும்பவில்லை. மாரியில் மண் கரைந்து உள்ளே விழுகிறது, தண்ணீர் கலங்கிவிடுகிறது, மாடு தவறி விழுந்ததும் நடந்திருக்கிறது. ஆவணி பிறந்தால் அந்தச் சேற்றுத் தண்ணீரும் இல்லை. தண்ணீர்ப் பவுசர் வரும் நாளை எதிர்பார்த்து 42 குடும்பங்கள் கலன்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கின்றன.

இதைச் சரியான காலத்தில்தான் செய்ய முடியும். நீர்மட்டம் ஆகக் கீழே இறங்குகிற ஆடி, ஆவணி மாதங்களில் தோண்டினால்தான் கோடைக்கும் ஊறும் ஆழத்துக்குப் போகலாம். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் கிணற்றுக்குள் ஆள் இறங்க வழியில்லை. ஆகவே ஜூலை இறுதிக்குள் பணம் கையில் இருக்க வேண்டும். பிந்தினால் ஓர் ஆண்டு போய்விடும்.

பிரதேச சபையின் அனுமதிக்கு ஊர் மக்களே விண்ணப்பித்திருக்கிறார்கள். கூலி வாங்காமல் மண் அள்ளித் தருவதாகவும், மேசன்மாருக்கு மூன்று வேளைச் சாப்பாடு தங்கள் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறார்கள். கிணற்றை ஆழமாக்கிக் கட்டு எழுப்ப 7 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா. கப்பி, குளிக்கும் மேடை, வடிகால், மாடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு 2 இலட்சத்து 60 ஆயிரம். நீர்ப் பரிசோதனை, பொருட்களை ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் சேர்த்து 1 இலட்சத்து 50 ஆயிரம். மொத்தம் 11 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா என்பது எமது மதிப்பீடு. ஈஸ்டர் காணிக்கையும் பெண்கள் சங்கத்தின் பலகாரக் கடையும் சேர்ந்து 3 இலட்சத்து 20 ஆயிரம் தந்திருக்கின்றன. இன்னும் 8 இலட்சத்து 20 ஆயிரம் தேவை. பிள்ளைகளின் பயணச் செலவு இதில் ஒரு சதமும் இல்லை; அதைப் பெற்றோர் கட்டுவார்கள்.

குழுவுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. கிணற்றுக் கட்டில் சிலுவை பொறிக்க வேண்டும், குறைந்தது சபையின் பெயராவது இருக்க வேண்டும் என்றார்கள் சிலர். சாட்சி சொல்ல வெட்கப்படுகிறோமா என்ற அவர்களுடைய கேள்வி இலேசானதல்ல. மறுபக்கத்தில், தண்ணீருக்கு விலையாக மதத்தைக் கேட்கிறார்கள் என்று ஒருவர் நினைத்தாலும் போதும், நாம் சொல்கிற நற்செய்தி பொய்யாகிவிடும் என்றோம். ‘சோற்றுக் கிறிஸ்தவர்’ என்ற பழிச்சொல் எமது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கூடவே வருகிறது. இரண்டு கூட்டம் இழுபட்டு, கட்டில் ஆண்டை மட்டும் பொறிப்பது என்று முடிவாயிற்று. அதிருப்தியாளர்கள்தான் முதல் நன்கொடையைத் தந்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறோம்.

டாக்டர் சாமுவேல் கிறீன் அமெரிக்க மிஷனுக்காக 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மதத்தைப் பரப்பவே அனுப்பப்பட்டார், அதை அவர் மறைக்கவுமில்லை. ஆனாலும் தமிழைக் கற்று, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் பணியாற்றிய மானிப்பாயில் அவருடைய பெயரை இன்றும் மரியாதையோடு சொல்பவர்களில் சைவர்கள் ஏராளம். எமது கிணறு அவ்வளவு பெரிய காரியமல்ல. ஆனால் வழி அதுதான் என்று நம்புகிறோம்.

விசுவாசத்தைச் சொல்லாமல் இருக்கப்போவதில்லை. ஈஸ்டர் விடியலில் குளக்கட்டில் நின்று ஆராதித்தோம், ஒலிபெருக்கி இல்லை. கிழக்கு வெளுக்க, தண்ணீருக்கு வந்த பெண்கள் சற்றுத் தள்ளிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் வந்து, கல்லறையில் முதலில் போய்ப் பார்த்தது பெண்களா என்று கேட்டார். ஆம் என்றோம். அந்தப் பேச்சு ஆச்சியின் முற்றத்தில் தேநீரோடு காலை பத்து மணிவரை போனது. கேட்கிறவர்களுக்கு மறைக்கமாட்டோம், கேட்காதவர்களைத் துரத்தமாட்டோம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வரச்சொல்லி எங்களை அழைத்திருக்கிறார்கள். விருந்தாளிகளாகப் போகிறோம்.

நன்கொடைகளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டப வாசலிலுள்ள மேசையில் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு மூடை சீமெந்தின் விலையானாலும் சரி, கணக்கில் ஏறும். வெளிநாட்டு உறவினரிடம் கேட்பவர்கள், எதற்கென்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். மாத முதல் ஞாயிறுதோறும் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்; வேலை முடிந்தபின் மீதி இருந்தால் ஊராரின் கிணற்றுப் பராமரிப்புக்கே போகும். பழைய உடுப்புகள், பழைய வாளிகள் தயவுசெய்து வேண்டாம். மேசன் வேலையோ நீர்ப்பம்பி வேலையோ தெரிந்தவர்கள் ஆவணியில் ஒரு கிழமை தர முடியுமானால் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பாயும் தலையணையும் ஆச்சி தருவார்.

கிணற்றுப் பணிக் குழு,
கொழும்பு