சியோலிலிருந்து, வெதுவெதுப்பான தரையில் உட்கார்ந்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கட்டடக்கலை படிக்க பி.ஆர்க். சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. "கொரியாவில் எல்லாக் கட்டடமும் அமெரிக்கா மாதிரிதானே மாமா?" என்று கேட்கச் சொன்னாளாமே. வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கே திரும்பினாலும் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள். அடையாளத்துக்குப் பக்கச்சுவரில் பெரிதாக ஓர் எண்.

முதல் குளிர்காலத்தில்தான் எனக்குப் புரிந்தது. வெளியே பனி. பன்னிரண்டாம் மாடியில் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தால் தரை வெதுவெதுவென்று இருக்கிறது. ஓண்டோல் என்கிறார்கள். முன்பெல்லாம் அடுப்புச் சூடும் புகையும் தரைக்குக் கீழே கல் பாவிய வழியில் ஓடி, புகைபோக்கியில் வெளியேறுமாம். இப்போது தரைக்குள் பதித்த குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. வீட்டில் சோபா இருந்தாலும், அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில்தான் உட்காருகிறார்கள்!

அதனால் பாரம்பரியத்தைக் கூரை வளைவில் மட்டும் தேட வேண்டாம் என்று அவளிடம் சொல். கியோங்போக்குங் அரண்மனை வளாகத்தில் 1972இல் கட்டிய ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மரக்கோயில்களின் வடிவத்தைக் கான்கிரீட்டில் வார்த்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான்.

அதே எழுபதுகளில் கிம் சூ-குன் என்ற கொரியக் கட்டடக் கலைஞர் தன் அலுவலகத்தைக் கருஞ்செங்கல்லில் கட்டினார். 'ஸ்பேஸ்' கட்டடம். சாங்தோக்குங் அரண்மனைக்குப் பக்கம். வெளிச்சுவரில் கொடி படர்ந்திருக்கிறது. உள்ளே போனால் அரை மாடி, அரை மாடியாக ஏறிக்கொண்டே இருக்கிறோம். ஓர் இடத்தில் தலை இடிக்குமோ என்று குனிந்தேன். நாலு எட்டு வைத்ததும் கூரை எங்கோ மேலே போய்விட்டது. குறுகலான படிக்கட்டு, இரண்டு பக்கமும் கையில் செங்கல் சொரசொரக்கிறது. ஹனோக் என்கிற பழைய கொரிய வீடுகளின் சின்னச் சின்ன அறைகளும் நடுவே இருக்கும் மாதாங்கும், அதாவது வெறும் மண் முற்றமும், எனக்கு அங்கேதான் ஞாபகம் வந்தன. வளைந்த கூரை என்று அங்கே எதுவும் இல்லை. அவருக்குப் பின் அந்த அலுவலகத்தை நடத்திய சாங் சே-யாங் வடிவமைத்த முழுக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று 1997இல் ஒட்டினாற்போல எழுந்தது. கூடவே பழைய ஹனோக் ஒன்று. மூன்றுக்கும் ஒரே முற்றம். அந்த முற்றத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்றிருந்தேன்.

அப்புறம், ஸஹா ஹதீத் வடிவமைத்த தொங்தேமுன் டிசைன் பிளாசா. 2014இல் திறந்தது, வெளிப்புறம் முழுக்க 45,133 அலுமினியத் தகடுகள். முதலில் எனக்கு ஒட்டவே இல்லை. ஆனால் அங்கே தோண்டும்போது பழைய நகர மதிலும், தண்ணீர் போக விட்டிருந்த இரட்டைக் கல்வளைவும் வெளிப்பட்டன. அவற்றை மூடாமல் பக்கத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். நான் போவது அந்த வளைவுகளைப் பார்க்கத்தான்.

ஸ்பேஸ் படிக்கட்டைப் பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறேன்; மருமகளுக்குத் தபாலில் வரும். உன் முழங்கால் வலி இப்போது எப்படி? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ரவி