டிசம்பர் 25-ஐ எப்படி அச்சிடப் போகிறீர்கள்? ‘வரலாற்றில் இன்று’ தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாளிதழ் ஆசிரியர்களுக்கும் துணையாசிரியர்களுக்கும் வணக்கம்.

உள்பக்கத்தின் ஒரு மூலையில் நாள்தோறும் நீங்கள் வெளியிடும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியைப் பற்றித்தான் இந்த மடல். பக்கத்தை நிரப்பும் சிறு பகுதி என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் என்ற முறையில் அதன் வீச்சு எனக்குத் தெரியும். காலை இறைவணக்கக் கூட்டத்தில் மாணவர்கள் எழுந்து வாசிப்பது அதைத்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் குறிப்பேட்டில் பெயர்த்து எழுதிக்கொள்வதும் அதைத்தான். பாடப்புத்தகத்தை மூடிய பிறகு வரலாறு என்று பலர் கண்ணில் படுவது அந்த ஏழெட்டு வரிகள் மட்டுமே. அந்த வரிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். டிசம்பர் 25 என்ற ஒரே நாளை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

வழக்கமாக வரும் பட்டியல் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். 800-ல் ரோமில் சார்லமேன் பேரரசராக முடிசூடினார். 1066-ல் இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் முடிசூடினார். 1642-ல் நியூட்டன் பிறந்தார். 1861-ல் மதன் மோகன் மாளவியாவும் 1924-ல் வாஜ்பாயும் பிறந்தார்கள். 1972-ல் ராஜாஜி மறைந்தார். 1991-ல் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார். நம் ஊர் இதழ்களில் வேலு நாச்சியாரின் நினைவு நாளும் சேரும். இவற்றில் எதையும் நீக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றின்கீழ் ஒன்றாக இப்படி அடுக்கும்போது, இவையெல்லாம் ஒரே நாளில் வந்து விழுந்தது தற்செயல் என்ற எண்ணமே வாசகருக்கு ஏற்படுகிறது. பல நேரங்களில் அது தற்செயலே இல்லை.

சார்லமேனும் வில்லியமும் கிறிஸ்துமஸ் நாளில் முடிசூடிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திருநாளன்று தேவாலயத்தில் கூடியிருக்கும் கூட்டத்தின் முன்னால் தலையில் ஏறும் மகுடத்துக்குக் கூடுதல் மதிப்பு. வில்லியமுக்கு அது இன்னும் அவசரத் தேவை. நார்மண்டியிலிருந்து படையோடு வந்து அவர் இங்கிலாந்து மன்னரை வென்ற ஹேஸ்டிங்ஸ் போர் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் மக்கள் எழுப்பிய வாழ்த்தொலியைக் கலகம் என்று நினைத்து, வெளியே நின்ற நார்மன் காவலர்கள் பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். ‘முடிசூடினார்’ என்ற ஒற்றைச் சொல்லோடு இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துப் பாருங்கள். வென்றவனுக்கும் வெல்லப்பட்டவர்களுக்கும் நடுவே இருந்த அச்சம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

நியூட்டன் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அவர் பிறந்தபோது இங்கிலாந்தில் பழைய ஜூலியன் நாட்காட்டியே வழக்கில் இருந்தது. 1752-ல்தான் அந்த நாடு கிரிகோரியன் முறைக்கு மாறியது. இன்றைய கணக்கில் அவர் பிறந்த நாள் 1643 ஜனவரி 4. ‘கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார்’ என்று ஆண்டுதோறும் வியப்போடு அச்சிடுகிறோமே, இரண்டு தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் அந்தப் பொருத்தம் கலைந்துவிடுகிறது. கோர்பச்சேவ் பதவி விலகலும் இதே நாட்காட்டிச் சிக்கலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மேற்கு நாடுகள் கிறிஸ்துமஸ் விருந்தில் இருந்தபோது மாஸ்கோவில் அது சாதாரண புதன்கிழமை. ரஷ்யத் திருச்சபை இன்னும் ஜூலியன் கணக்கையே பின்பற்றுவதால் அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல்தான் வரும். ‘பழைய நாட்காட்டிப்படி’ என்று இரண்டு சொற்கள் சேர்த்தால் போதும், இடம் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி நான் உண்மையில் எதற்காக எழுதினேனோ அதற்கு வருகிறேன். நான் மேலே எழுதிய பட்டியலில் இரண்டு நிகழ்வுகள் இல்லை. பெரும்பாலான ஆண்டுகளில் உங்கள் பட்டியல்களிலும் அவை இருப்பதில்லை. இருந்தாலும் கடைசி வரியாக, காரணம் எதுவும் இல்லாமல் வருகின்றன. ஒன்று மகாத், 1927. மற்றொன்று கீழ்வெண்மணி, 1968.

மகாத் அன்றைய பம்பாய் மாகாணத்தின் கொலாபா மாவட்டத்தில் இருந்த ஊர். அங்குள்ள சவுதார் குளம் பொதுக்குளம். 1924-லேயே நகராட்சி அதை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது, ஏட்டில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் திரண்டு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். உடனே அவர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு சாதி இந்துக்கள் பால், தயிர், சாணம், கோமியம் கலந்து 108 குடங்களில் குளத்தில் ஊற்றித் ‘தீட்டு’ கழித்தார்கள். அதற்கான பதிலாகத்தான் டிசம்பரில் மீண்டும் மாநாடு கூடியது. மீண்டும் குளத்துக்குப் போகக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. டிசம்பர் 25 இரவு, சந்தனக் கட்டை அடுக்கிய ஒரு குழியில், சாதி ஏற்றத்தாழ்வை விதியாக்கிய பழைய நூலான மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே பிராமணர் வகுப்பில் பிறந்தவர். அன்றைய தலைமையுரையில் அம்பேத்கர் அந்த மாநாட்டை 1789-ல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, வெர்சாயில் கூடிய பிரெஞ்சுப் பேரவையோடு ஒப்பிட்டுப் பேசினார். ஒரு தேதியை இன்னொரு தேதியோடு எப்படி இணைத்துக் காட்டுவது என்பதற்கு அந்த உரையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதே வாரம் சென்னையில் காங்கிரஸ் மாநாடு. அன்சாரி தலைமையில் கூடி, முழு விடுதலையே குறிக்கோள் என்றும் சைமன் குழுவைப் புறக்கணிப்போம் என்றும் தீர்மானம் போட்டது. வழக்கறிஞர்களுக்கு நீதிமன்ற விடுமுறை என்பதால் பல்லாண்டுகள் காங்கிரஸ் டிசம்பர் கடைசி வாரத்தில்தான் கூடிக்கொண்டிருந்தது. நம் நாட்டின் நாட்காட்டியில் அந்த வாரம் இவ்வளவு கனத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளையனிடம் விடுதலை கேட்டுச் சென்னையில் ஒரு கூட்டம், சொந்த ஊர்க் குளத்தில் ஒரு கை தண்ணீர் கேட்டு மகாதில் ஒரு கூட்டம். இரண்டையும் ஒரே பத்தியில் அச்சிட்ட நாளிதழை நான் இதுவரை பார்த்ததில்லை.

நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து அதே டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நடந்ததை எழுதக் கை தயங்கத்தான் செய்கிறது. அங்கே சேரியில் வாழ்ந்த தலித் விவசாயக் கூலிகள் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள், சங்கக் கொடியை இறக்க மறுத்தார்கள். மிராசுதார்களின் ஆட்கள் சேரியைச் சுற்றி வளைத்தபோது ஓடி ஒளிய முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையா என்பவரின் சின்னஞ்சிறு குடிசைக்குள் புகுந்தார்கள். கதவு வெளியே பூட்டப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. அரசுத் தரப்பு ஆவணங்களில் 42 பேர் என்று இருக்கும். ஊர் எழுப்பிய நினைவிடத்தில் 44 பேர். அச்சிடும்போது 44 என்றே அச்சிடுங்கள்.

இந்த இரவுக்கும் பின்னால் ஒரு நீண்ட காரணம் உண்டு. தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் தண்டனைகளாக இருந்தன. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயத் தொழிலாளர் சங்கம் போராடித்தான் அவற்றை ஒழித்தது. மகாதில் குளத்தைச் ‘சுத்தம்’ செய்யப் போன அதே சாணத்தைத்தான் இங்கே கரைத்து உழைப்பாளியின் வாயில் ஊற்றினார்கள். அந்தச் சங்கத்தின் கொடிதான் வெண்மணியில் பறந்தது. மகாதுக்கும் வெண்மணிக்கும் ஒரே தேதி வாய்த்தது தற்செயல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் மூட்டிய பகை ஒன்று என்பது தற்செயல் இல்லை.

தீர்ப்புகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். சவுதார் குளம் எல்லோருக்கும் உரியது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1937-ல் தீர்ப்பளித்தது. வெண்மணி வழக்கில் கீழ் நீதிமன்றம் மிராசுதார்கள் சிலருக்கு விதித்த தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-ல் ரத்து செய்தது. அவ்வளவு நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் இருந்த ஒரு வாதம். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் பதறுகிறது. இன்னொரு பக்கம், அந்தத் தீ எழுப்பிய அதிர்ச்சியில்தான் விவசாயக் கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை குழு அமைக்கப்பட்டு, 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நெற்கூலி பற்றிய ஒரு சட்டத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதையெல்லாம் எட்டு வரிக்குள் எப்படி அடக்குவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எட்டு நிகழ்வுகள் வேண்டாம், இரண்டோ மூன்றோ போதும். எது நடந்தது என்பதோடு ஏன் நடந்தது, பிறகு என்ன ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் கொடுங்கள். பிரபலங்களின் பிறந்த நாள் பட்டியலை இணையத்தில் யாரும் நொடியில் எடுத்துக்கொள்ளலாம். வெண்மணியை அப்படித் தேடிப் போக, முதலில் அந்தப் பெயர் காதில் விழுந்திருக்க வேண்டும். மாவட்டப் பதிப்பு நடத்துகிறவர்கள் அந்தந்த மாவட்டத்தின் நாட்களையும் சேருங்கள். உங்கள் நிருபர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

டிசம்பர் 25 அரையாண்டு விடுமுறையில் வருவதால் பள்ளிகளில் அன்று இறைவணக்கக் கூட்டம் கிடையாது. என்னைப் போன்ற ஆசிரியர்கள் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது, நாளிதழ்தான் செய்ய வேண்டும். அந்த நாளில் ஆண்டுதோறும் கீழ்வெண்மணி நினைவிடத்தில் கொடியேற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். நாகப்பட்டினத்து நிருபர் ஒருவரை இப்போதே அனுப்பி, அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்களை எழுத்துப் பிழையின்றிக் குறித்து வரச் சொல்லுங்கள். இந்த டிசம்பரில் அந்த 44 பெயர்களையும் அச்சிடுங்கள்.

நம்பிக்கையுடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்