வங்கி வேலைக்கான ஆங்கிலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வங்கித் தேர்வுப் பயிற்சி மையங்களில் சொல்லித்தரும் ஆங்கிலம் தேர்வோடு நின்றுவிடுகிறது. வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பின் முதல்நிலைத் தேர்வில் 20 நிமிடத்தில் 30 ஆங்கிலக் கேள்விகள்: கோடிட்ட இடம், பிழை திருத்தம், பத்தி வாசிப்பு. சரி, அதில் தேறி வந்த பிள்ளைகள் கிளையில் முதல் கடன் கோப்பைத் திறந்ததும் தடுமாறுவதை, வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடன் அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனையே அரைப் பக்கம் ஓடும். எதற்கு யார் பொறுப்பு, தவணை தவறினால் வங்கி என்ன செய்யலாம் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

இதில் பாதிக்கப்படுவது வாடிக்கையாளரும்தான். சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரங்களை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆங்கில ஒப்பந்தம் அதிகாரிக்கே பிடிபடாவிட்டால், விவசாயிக்கு அதை அவர் எப்படித் தமிழில் விளக்குவார்?

பி.காம். வகுப்புகளிலும் ‘நான் முதல்வன்’ பயிற்சிகளிலும் இப்படிப்பட்ட வங்கி, வணிக ஆவணங்களின் ஆங்கிலத்துக்கென ஒரு தாள் வேண்டும். பாடநூல் தேடி அலைய வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரத்துக்கு ஓர் ஆவணத்தை எடுத்து வாசிக்கவைத்து, அப்புறம் அதையே தமிழில் சொல்லச் சொல்லலாம். உயர்கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், விருதுநகர்