வீட்டிலேயே உயிர் பிரிந்தால் குடும்பத்துக்கு வழிகாட்டக் கோரி மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: ஆம்புலன்ஸ் குழு முதலுதவியை நிறுத்திய பின் குடும்பத்துக்கு உதவி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன மாசியில் ஒரு விடியற்காலை என் அப்பா வீட்டில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. பணியாளர் தம்பி வியர்க்க வியர்க்க அரை மணி நேரத்துக்கு மேல் நெஞ்சை அழுத்தினார். அப்புறம் போனில் டாக்டரிடம் பேசிவிட்டு, "பல்ஸ் வரலைக்கா, ஏத்திட்டுப் போயும் பிரயோஜனம் இல்லை" என்றார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த அழைப்பு வந்திருக்கும். அவரைக் குறை சொல்ல மனமில்லை.

ஆனால் 'இறந்துவிட்டார்' என்று யாரும் சொல்லவில்லை. பல்ஸ் வரலை என்றால் இனிமேல் வரும் என்றுதான் அம்மா நினைத்தார். வாடகைக் காரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். கார் கதவைத் திறந்து பார்த்த டாக்டர், உயிரில்லாமல் கொண்டுவந்ததால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றார். போஸ்ட்மார்ட்டம் என்ற பேச்சு எழுந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது அப்பா நெஞ்சில் ஈசிஜி ஸ்டிக்கர்கள் ஒட்டியபடியே இருந்தன. பிய்த்தால் கேள்வி வருமோ என்று அத்தை தொடவே பயந்தார்.

இறப்பை உறுதிசெய்ய டாக்டரால்தான் முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, போனில் இருக்கும் டாக்டரே ஸ்பீக்கரில் எங்களிடம் நிலைமையை உடைத்துச் சொல்லலாமே? அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை வீட்டுக்கே அனுப்பி உறுதிசெய்தால் யாரும் காரைத் தேடி ஓட மாட்டார்கள். வேறு அழைப்பு இல்லாதபோது குழு கால் மணி நேரமாவது கூட இருக்கட்டும். சந்தேக மரணம் இல்லையென்றால் ஸ்டிக்கர், குழாய்களை எடுத்து, வேட்டியைச் சரிசெய்துவிட்டுப் போகட்டும்.

தமிழில் ஒரு பக்கத் தாளும் கொடுக்கலாம்: 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும், கிராமத்தில் விஏஓவிடம் போக வேண்டும், இறப்புக்கான காரணச் சான்றைக் கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் கேட்க வேண்டும், 104-இல் மனநல ஆலோசனை கிடைக்கும் என்று. இதற்கு நாங்கள் ஐந்து இடத்தில் விசாரித்தோம்.

ஒரு வாரம் கழித்து கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரவும் உத்தரவிட வேண்டுகிறேன். "வண்டியில ஏத்தியிருந்தா பிழைச்சிருப்பாரோ?" என்று அம்மா இன்னமும் கேட்கிறார். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல்