செயலாளர் அறிக்கை 2024: லிங்கன் அலெக்சாண்டரை வாசித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், போசகர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், ஞாயிற்றுக்கிழமை நித்திரையைத் தியாகம் செய்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், வாணி விழா மூன்றும் வழக்கம்போல நடந்தன. ஒன்றுகூடலன்று மழை பெய்தது; கொத்துரொட்டி மட்டும் நனையவில்லை. கணக்குவழக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய வாசிப்பு வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கனடாவின் ஹமில்டன் நகரில் இருக்கும் தமிழர்களான நாங்கள் வேலைக்கும் கடைக்கும் ‘லிங்க்’ என்று சுருக்கி அழைக்கும் சாலையில்தான் ஓடுகிறோம். அது யாருடைய பெயர் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? சபையில் பாதிப் பேர் ஆபிரகாம் லிங்கன் என்று நினைத்திருந்தார்கள். அந்த இடத்திலேயே ஆண்டின் பாடம் முடிவாகிவிட்டது. 1997இல் திறந்த அந்தச் சாலைக்குப் பெயர் தந்த கறுப்பினக் கனடிய அரசியல்வாதி லிங்கன் அலெக்சாண்டர், வாழ்நாளில் கார் ஓட்டப் பழகவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பிள்ளைகள் அதிகம் ரசித்த செய்தி அதுதான்.

முதல் அமர்வு ஜனவரி 21, அவருடைய பிறந்தநாள். 2014இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதை நாடு முழுவதற்குமான லிங்கன் அலெக்சாண்டர் நாளாக்கியது. அவர் பிறந்தது 1922இல், ரொறன்ரோவில். தாய் ஜமேக்காவிலிருந்து வந்து வீட்டுவேலை செய்தவர். தகப்பன் சென் வின்சென்ற் தீவிலிருந்து வந்தவர், ரயிலில் போர்ட்டர். அந்நாளில் கறுப்பின ஆணுக்கு ஓரளவு நிரந்தரமாகக் கிடைத்த உத்தியோகம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். படி, படி என்பதே தாயின் ஓயாத சொல். அதைக் கேட்டதும் எங்கள் அம்மாமார் பலர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் கனடிய விமானப்படையில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராக இருந்தார். வன்கூவரில் ஒரு மதுச்சாலை, சீருடையில் நின்ற அவருக்கு நிறத்தைக் காரணம் காட்டிப் பரிமாற மறுத்தது. மேலதிகாரியிடம் முறையிட்டும் பயனில்லை. 1945இல் படையை விட்டு விலகினார். 1949இல் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துக்கொண்டு ஸ்டெல்கோ இரும்பாலையில் விற்பனைப் பிரிவுக்கு விண்ணப்பித்தால், அங்கும் இடமில்லை. உள்ளே ஆலையில் வேலை செய்யலாம்; வாடிக்கையாளருக்கு முன்னால் கம்பனியின் முகமாக நிற்க முடியாது. இந்த இடத்தில் அமர்வு அரைமணி நேரம் நின்றுபோனது. ஊரில் கணக்காளராகவும் ஆசிரியராகவும் இருந்துவிட்டு இங்கே பின்கட்டில் வேலை பார்த்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் கதைத்தார்கள், நானும் தடுக்கவில்லை.

சட்டம் படிக்க ஒஸ்குட் ஹாலுக்குப் போனார். ஒரு நாள் விரிவுரையில் கல்லூரி முதல்வரே கறுப்பர்களை இழிவுபடுத்தும் ஒரு மரபுத்தொடரைச் சாதாரணமாகச் சொன்னார். நிறைந்த வகுப்பில் அலெக்சாண்டர் எழுந்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எல்லோரும் சொல்வதுதானே என்றார் முதல்வர். உங்கள் இடத்தில் இருப்பவர் அப்படிச் சொல்லக்கூடாது, மரியாதையில் நீங்கள்தான் முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்பது இவருடைய பதில். பட்டம் கைக்கு வராத நேரம். முதல்வர் நினைத்திருந்தால் இவருடைய வழக்கறிஞர் கனவு அன்றே முடிந்திருக்கும். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பின்னால் வந்த பதவிகளெல்லாம் எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

1953இல் சட்டப்படிப்பை முடித்தார். ஹமில்டனில் பிறகு அவர் பங்காளராக இருந்த சட்ட அலுவலகத்தில் ஜப்பானிய வம்சாவளியினரும் பூர்வகுடியைச் சேர்ந்தவரும் கூட்டாளிகள். 1965 தேர்தலில் ஹமில்டன் மேற்குத் தொகுதியில் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக நின்று தோற்றார். 1968இல், லிபரல் கட்சித் தலைவர் பியர் ட்ரூடோவின் அலை நாட்டையே அடித்துக்கொண்டு போனபோது, அதே தொகுதியில் வென்றார். கனடிய நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினர்.

1968 செப்டம்பர் 20 அன்று அவர் ஆற்றிய முதல் உரைதான் எங்கள் இரண்டாவது அமர்வுக்குப் பொருள். கறுப்பின மக்களின் பேச்சாளர் என்ற கௌரவம் தனக்கு யாரும் தந்ததில்லை என்றார். ஆனாலும் அவர்களுக்காகவும், இனம், மதம், நிறம் காரணமாக ஒதுக்கப்படுவதாக உணரும் எல்லோருக்காகவும் பேசும் பொறுப்பைத் தான் ஏற்பதாகச் சொன்னார். மூத்த உறுப்பினர் ஒருவர், இது வழுக்கும் பேச்சு, வெள்ளையரின் வாக்கை இழக்காமல் இருக்கச் சொன்னது என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா விடவில்லை. எங்களுக்குள் எத்தனை பேர் கேட்காமலே தமிழருக்குத் தலைவராகிறார்கள், இந்த மனிசன் அதைச் செய்யவில்லையே என்றார். சபை சிரித்தாலும் வாதம் முடியவில்லை.

இளையோருக்கு 1971 பெப்ரவரிச் சம்பவம் பிடித்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எதிர்க்கட்சி கேட்டபோது ட்ரூடோ வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதாக அலெக்சாண்டரும் இன்னோர் உறுப்பினரும் குற்றம் சாட்டினார்கள். பொருளே இல்லாத ‘ஃபடுல் டடுல்’ என்று சொல்லியிருக்கலாம் என்று மழுப்பினார் பிரதமர். அப்புறம் எங்கள் பிள்ளைகள் ஒரு மாதம் அதையே சொல்லித் திரிந்தார்கள். பெற்றோரின் முறைப்பாடுகள் கிடைத்தன.

1979இல் பிரதமர் ஜோ கிளார்க்கின் சிறுபான்மை அரசில் தொழில் அமைச்சர். அமைச்சரவையில் அமர்ந்த முதல் கறுப்பின கனடியர் அவரே. ஆனால் அந்த அரசு ஆண்டு திரும்பமுன் கவிழ்ந்தது. 1980இல் நாடாளுமன்றத்தை விட்டு, ஒன்ராறியோ தொழிலாளர் இழப்பீட்டுச் சபையின் தலைவராகப் போனார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இது அவர் கொண்டுவந்த சட்டம் என்று சுட்டிக்காட்ட எங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அதே வேளை, அவருக்கு முன்னோடியான லென்னர்ட் பிரெய்த்வெயிற்றைப் பற்றி எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. 1963இல் ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குத் தெரிவானவர். கனடாவின் எந்த மாகாணச் சட்டமன்றத்திலும் அவருக்கு முன் கறுப்பின உறுப்பினர் இருந்ததில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்க இடம்கொடுத்த விதி அப்போதும் ஒன்ராறியோச் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1964இல் தன் முதல் உரையிலேயே அவர் அதைக் கிளப்பினார். விதி நீக்கப்பட்டது. மாகாணத்தின் கடைசித் தனிப் பள்ளி 1965இல் மூடப்பட்டது. இப்படிப் பார்த்தால் வேலை முடித்தவர் அவர், சாலைக்குப் பெயர் இவருடையது என்று ஒரு தம்பி சொன்னார். எனக்கும் அதில் பாதி உடன்பாடு.

மீதிப் பாதிக்குக் காரணம் 1985 செப்டம்பர் 20. முதல் உரையாற்றிய அதே திகதியில், பதினேழு ஆண்டுகள் கழித்து, ஒன்ராறியோவின் துணைநிலை ஆளுநராகப் பதவியேற்றார். போர்ட்டரின் மகன் மகாராணியின் பிரதிநிதி. சட்டம் செய்யும் அதிகாரம் அந்தப் பதவிக்குக் கிடையாது. ரிப்பன் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ இளையோர், கல்வி, இனவெறுப்பு ஒழிப்பு என்று வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். பின்னர் கனடிய இன உறவுகள் மன்றத்துக்கும் தலைவராக இருந்தார். 1991 முதல் 2007 வரை குவெல்ப் பல்கலைக்கழக வேந்தர். 2012 ஒக்டோபர் 19இல் மறைந்தபோது ஹமில்டனில் அரச மரியாதையுடன் இறுதி நிகழ்வு நடந்தது.

சரி, இதனால் சங்கத்துக்கு என்ன ஆயிற்று? கட்டுரைப் போட்டிக்கு வந்த கட்டுரைகளைத் தமிழாசிரியர்கள் திருத்தித் தந்தார்கள், அவர்களுக்கு நன்றி. நகரிலுள்ள கறுப்பினக் குடும்பங்கள் சிலரை ஓர் அமர்வுக்கு அழைத்தோம். வந்தார்கள், இடியப்பம் சாப்பிட்டார்கள், எங்களைவிட அதிகம் கேள்வி கேட்டார்கள். பொன்னாடை போர்த்தி ‘முதல் தமிழர்’ என்று அறிவிக்கும் நிகழ்வுகளைக் குறைத்து, அந்தப் பணத்தை வேலைத்தல பாகுபாடு பற்றிய சட்ட ஆலோசனை மாலைக்குச் செலவழிக்கலாம் என்ற பிரேரணை நிர்வாகசபையில் ஒரு வாக்கால் தோற்றது. அது இன்று மறுபடி உங்கள் முன் வருகிறது. செயலாளர் நடுநிலையாக இருக்கவேண்டும் என்பார்கள், நான் ஆதரவு.

அடுத்த ஆண்டு வாசிப்புக்கு ஜீன் ஒகஸ்ரீனை முன்மொழிகிறோம். கிரெனடாவிலிருந்து 1960இல் வீட்டுப்பணிப்பெண் திட்டத்தின்கீழ் வந்து, 1993இல் கனடாவின் முதல் கறுப்பினப் பெண் நாடாளுமன்ற உறுப்பினரானவர். பெப்ரவரி மாதத்தைக் கறுப்பின வரலாற்று மாதமாக ஏற்கச் செய்த 1995ஆம் ஆண்டுப் பிரேரணை அவருடையது.

மண்டபம் துடைத்த இளைஞர்களுக்கும் தேநீர் ஊற்றிய அக்காமாருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன். பிரேரணை மீதான வாக்கெடுப்பு கணக்கறிக்கைக்குப் பிறகு. தயவுசெய்து அதுவரை எழுந்து போகவேண்டாம்.

செயலாளர்