நாலாவது வயித்த வாங்கி புழு எண்ணித் தாங்க: கால்நடை ஆய்வகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வகத்து ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

உசிலம்பட்டி பக்கம் செம்மறி வச்சிருக்கேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆடு எப்படி சாகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கண்ணு ரெப்பைய விலக்குனா உள்சதை வெளுத்துக் கெடக்கும், தாடைக்கு கீழ தண்ணி கோத்துக்கும், அப்புறம் எந்திரிக்காது. இந்த வருசம் ஏழு உருப்படி போச்சு, ஏழுக்கும் பூச்சி மருந்து ஊத்தியிருந்தேன்.

ஏழாவது ஆடு விடியக்காலம் செத்துச்சு. ரிட்டயர்டு கால்நடை டாக்டர் ஒருத்தர் எப்பவோ சொல்லிக்குடுத்தபடி, ரத்தம் குடிக்கிற புழு தங்குற நாலாவது வயித்த, அதாவது ஆட்டு வயித்தோட கடைசி அறைய, ரெண்டு முனையிலயும் சணல்ல ரெவ்வெண்டு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு நடுவுல அறுத்து (ஒழுகிட்டா கணக்கே தப்பாயிரும்ல) ஐஸ் பெட்டில வச்சு பஸ் ஏறி ஒம்போது மணிக்கெல்லாம் உங்க வாசல்ல நின்னேன். புழுக்கை கொண்டு வாங்க முட்டை எண்ணித் தர்றோம், வயிறு கழுவ இங்க ஆள் இல்லன்னாங்க, அப்புறம் பெரிய டாக்டர் வரட்டும்னாங்க. மூணு மணி வரைக்கும் மரத்தடில உக்காந்திருந்தேன். ஐஸ் பூரா கரைஞ்சு நாத்தம் வந்து பக்கத்துல இருந்தவங்க எந்திரிச்சு போயிட்டாங்க. ஆடு செத்த சில மணி நேரத்துலயே உள்ள புழுவும் அழுக ஆரம்பிச்சிரும்னு எனக்கே தெரியுது, உங்களுக்கு தெரியாதா?

புழுக்கை டெஸ்ட்ட குறை சொல்லல. ஆனா முட்டை போடுறது வளந்த பொட்டப் புழு மட்டுந்தான, குஞ்சுப் புழு எம்புட்டு ரத்தம் உறிஞ்சுனாலும் புழுக்கைல தெரியாதே.

மனசு கேக்காம அன்னைக்கு ராத்திரி நானே வயித்த நீளத்துக்கு வெட்டி, வாளில கொட்டி, உள்தோல தேச்சுத் தேச்சு கழுவி, தண்ணி சேத்து 2 லிட்டரா ஆக்கி, கலக்கிக்கிட்டே 200 மில்லி மோந்து, மாவு சல்லடைல அலசி, கறுப்பு தட்டுல ஊத்தி டார்ச் அடிச்சுப் பாத்தேன். சிவப்பும் வெள்ளையுமா முறுக்குன நூலு மாதிரி, முக்கால் இஞ்சு நீளம். அழுகிக் கரைஞ்சது போக 164. பத்தால பெருக்குனா 1640. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும்னு அந்த டாக்டர் சொல்லுவாரு, அப்ப தினம் 80 மில்லிக்கு மேல அந்த ஒரு ஆட்டுக்கிட்ட இருந்து போயிருக்கு. சவ்வுக்குள்ள பதுங்குன குஞ்சுகள எடுக்க பெப்சின்ங்கிற செரிமானப் பொருளும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் கலந்து உடம்புச் சூட்டுல ஊற வைக்கணுமாம், அதுக்கு நான் எங்க போவேன்?

ஊத்துற பூச்சி மருந்து அல்பெண்டசோலுக்கு புழு சாகலங்கன்னு சொன்னா, அளவா ஊத்துனியான்னு எங்களத்தான் திருப்பிக் கேக்குறீங்க. அதே மருந்த மறுபடி எழுதிக் குடுக்குறீங்க. கிடை போட்டு பொழைக்கிறவன் சொன்னா யாரு காதுலயும் ஏறாதா? கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்கங்க.

கேக்குறது ஒண்ணுதான். செத்த ஆட்டு வயித்த அன்னைக்கே வாங்கி, கழுவி, என்ன புழு, எத்தனைன்னு எண்ணித் தாங்க. வாரத்துல ரெண்டு நாள்னு சொன்னாக்கூட போதும்.

நேத்து இன்னொரு பெட்டைக்கு தாடைல தண்ணி கோத்திருக்கு. பொழைச்சா சந்தோசம். இல்லாட்டி வயித்த கட்டி எடுத்துட்டு காலைலயே வருவேன், தயவுசெஞ்சு உள்ள வாங்கி வச்சுக்கங்க.